'வைதிக' என்ற அடைமொழியின் பொருள் என்ன? 'இந்து சமயம் சார்ந்த' என்று அதைக் கொள்ளலாமா?

கொள்ள முடியாது என்பதே என் கருத்து. வேதம் என்பதிலிருந்து வைதிகம் பிறந்தது. லோகம் லௌகிகமானதும் தர்மம் தார்மிகமானதும் இவ்வாறுதான். எனவே வேதத்தைச் சார்ந்தது, வேதம் விதித்தது என்பதே நேர்ப்பொருள். 'வைதீக' என்று நீட்டி எழுதுவதும் பெருவழக்காகிவிட்டது. அதைப் பிழையென்று திருத்த நான் முனைவதில்லை.

வழக்கிலோ, இச்சொல் எதற்கு எதிரே நிறுத்தப்படுகிறது என்பதைப் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும். சமய வரலாற்றில் வேதத்தைப் பிரமாணமாக ஏற்காத சமணமும் பௌத்தமும் அவைதிகம் எனப்படும். சம்பந்தர் அமணரையும் (சமணர்) தேரரையும் (பௌத்தத் துறவியர்) 'வேத வேள்வியை நிந்தனை செய்து' உழல்பவர்கள் என்று சாடுவதும், சேக்கிழார் சம்பந்தர் வரலாற்றை 'வேதநெறி தழைத்தோங்க' என்று தொடங்குவதும் இந்தப் பகுப்பை ஒட்டியே. கோயில் வழிபாட்டில் எதிர்ச்சொல் ஆகமம், அதாவது கோயில் அமைப்பையும் பூசை முறையையும் வகுக்கும் நூல்கள்: தமிழகச் சிவாலயங்கள் பெரும்பாலும் ஆகம வழியில் நடக்க, சிதம்பரத்தில் தீட்சிதர்கள் செய்வதை வைதிகப் பூசை என்பர்.

பிராமணக் குடும்பங்களின் அன்றாடப் பேச்சில் இச்சொல்லுக்கு இணை லௌகிகம். சந்தியாவந்தனம், ஹோமம், திவசம் ஆகியவை வைதீகக் காரியங்கள். உத்தியோகம், நிலம், வழக்கு ஆகியவை லௌகீகம். கல்யாணத்துக்கு முன் சீரும் கொடுக்கல் வாங்கலும் பேசி முடிப்பதைக்கூட 'லௌகீகம் பேசுவது' என்றே சொல்வார்கள். வேதம் ஓதிச் சடங்குகளை நடத்திவைப்பதையே தொழிலாகக் கொண்டவர் வைதீகர். அவர் மகன் வங்கி வேலைக்குப் போனால் லௌகீகர் ஆகிவிடுவார்.

சுயமரியாதை இயக்கத்தவர் எழுத்தில் இதே சொல் பழமைப்பிடிப்பைச் சாடும் சொல்லாயிற்று. புரோகிதர் மந்திரம் ஓத, அக்கினி சாட்சியாக நடப்பது வைதீகத் திருமணம். அதை மறுத்து நடப்பது சுயமரியாதைத் திருமணம். உங்கள் கேள்விக்கு இங்கேயே நல்ல சான்று இருக்கிறது. புரோகிதரே இல்லாமல், உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ செய்துகொள்ளும் திருமணத்தை, 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழக அரசு 1967இல் கொண்டுவந்த திருத்தம் செல்லத்தக்கதாக்கியது. அதாவது, சட்டப்படி அது இந்துத் திருமணம், ஆனால் வைதிகத் திருமணம் அன்று. நாட்டார் தெய்வமான சுடலைமாடனுக்குக் கிடா வெட்டிப் படையலிடுவதையும் எவரும் வைதிக வழிபாடு என்று சொல்வதில்லை.

நெல்லைச் சீமையில் கிறிஸ்தவரை வேதக்காரர் என்பதும், தேவாலயத்தை வேதக்கோயில் என்பதும் உண்டு. அங்கே வேதம் என்பது பைபிள். ஆனாலும் 'வைதிக' என்ற அடைமொழியை அவர்களுக்குப் பொதுவாக வழங்குவதில்லை.