தூங்குங்கம்மா!

கேள்வி: மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. நீட் எழுதிவிட்டாள். தனியார் கல்லூரியில்தான் இடம் என்றால் எப்படிக் கட்டுவது? தூக்கமே இல்லை.
- ஒரு தாய், வியாசர்பாடி

பதில்: தூங்குங்கம்மா. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு தமிழக மருத்துவப் படிப்பு இடங்களில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் தனியார் கல்லூரி கிடைத்தாலும் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும். ஆனால் நீட் எழுதியதோடு வேலை முடியாது. மாநில இடங்களுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தலைமையாசிரியரிடம் படிப்புச் சான்றிதழை இப்போதே வாங்குங்கள். கடைசி நாளில் கையெழுத்துப் போடுபவர் லீவில்தான் இருப்பார்!

சேர்ந்த பிறகு? என் மகன் முதல் வருடம் அனாடமி வகுப்பு (பிணத்தை அறுத்து உடலமைப்பைப் படிப்பது) முடிந்து வந்து சாப்பிட மறுப்பான். ரசம் சாதம் மட்டும் வைத்துவிட்டுப் பேசாமல் நகர்ந்துவிடுவேன். மார்க் விசாரிக்கும் உறவினர்களை நீங்களே போனில் சமாளித்துவிடுங்கள்.