காயடித்த பிறகும் குதிரை பெட்டையைத் துரத்துகிறதே, ஏன்?

கேள்வி: “என் குதிரைக்குக் காயடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. இன்னும் பெட்டைக் குதிரையை விரட்டுகிறான், மேலே ஏறுகிறான், பக்கத்தில் வேறு குதிரை வந்தால் கடிக்கிறான். மருத்துவர் சரியாகச் செய்யவில்லையா?”

உங்கள் கேள்வியின் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். இதே வரியை நான் இரண்டு வருடம் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன். டீக்கடையில், தீவனக் கடையில், அந்தியூர்ச் சந்தையில், யார் கேட்டாலும் “அந்த டாக்டர் ஒரு விதையை உள்ளேயே விட்டுட்டார்” என்றேன். நான் சொன்னது பொய் என்று பிறகு தெரிந்தது. அதற்குள் அவருக்கு எங்கள் பக்கம் குதிரை வேலையே இல்லாமல் போயிருந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவன் அல்ல. கோபிச்செட்டிபாளையம் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன், பதினாறு வருடமாகக் குதிரை வளர்க்கிறேன். உங்களிடம் ஒரு பெட்டையும் இவனும் ஒரே வேலிக்குள் இருப்பதாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் பின்னூட்டத்தில் திருத்துங்கள்.

என் குதிரை கரியனை அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் ஒன்றரை வயதுக் குட்டியாக வாங்கினேன். காதியவாரி என்ற குஜராத் இனம். காதுகள் இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனி தொட்டுக்கொள்ளும். சந்தையில் பத்துப் பேர் வந்து சுழி பார்த்தார்கள். நெற்றியில் எத்தனை, கழுத்தில் எந்தப் பக்கம் என்று அரை மணி நேரம் பேசினார்கள். குட்டிக்கு இரண்டு விதையும் இறங்கியிருக்கிறதா என்று ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

நாலு வயதில் காயடித்தோம். அதற்கு முன்பு பக்கத்துத் தோட்டத்துக்காரரின் பெட்டையோடு ஒருமுறை சேர்த்திருந்தோம். காயம் நன்றாக ஆறியது, ஏழெட்டு மாதம் அமைதியாக இருந்தான். அப்புறம் நான் வெள்ளச்சி என்ற பெட்டையை வாங்கி வந்து அதே பட்டியில் விட்டேன். ஒரே வாரத்தில் பழைய கரியன் திரும்பி வந்தான். தலையைத் தரையோடு தாழ்த்தி, காதைப் பின்னால் ஒட்டவைத்து, பாம்பு போல் கழுத்தை ஆட்டிக்கொண்டு அவளை ஒரு மூலைக்கு ஓட்டுவான். அவள் பருவத்துக்கு வந்த நாட்களில் ஏறுவான், முழுமையாகவே சேருவான். பொலிகுதிரை எப்படிக் கத்துமோ அப்படிக் கத்துவான்.

என் சித்தப்பா மகன் சோளத்தட்டுக் கட்டோடு இருவருக்கும் நடுவில் புகுந்த அன்றுதான் விபரீதம். கரியன் அவனைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டான், காரை எலும்பு உடைந்தது. அன்று நான் மூங்கில் கழியை எடுத்துக் குதிரையை அடித்தேன். இதை எழுதவே கூசுகிறது. அடிக்கு அவன் திருந்தவில்லை. அதன்பிறகு நாலு மாதம் யார் கையைத் தூக்கினாலும் தலையை வீசி எகிறினான், கடிவாளம் மாட்டுவதே பெரும்பாடாகிவிட்டது. அவன் வீம்புக்குச் செய்யவில்லை. பெட்டையைக் காக்கிறோம் என்பது மட்டுமே அந்த நேரத்தில் அவனுக்குத் தெரிந்தது.

இதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி ஆசிரியர். விதையை எடுத்ததும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் சீக்கிரமே இறங்கிவிடும். ஆனால் ஆணாக நடந்துகொள்ளும் வழி, குட்டி தாய் வயிற்றில் இருக்கும்போதே மூளையில் போடப்பட்டுவிடுகிறது. ஹார்மோன் அதற்கு ஊக்கம் தருகிறதே தவிர, அது போனால் வழி அழிந்துவிடுவதில்லை. பல குதிரைகளில் தூர்ந்துபோகிறது, சிலவற்றில் அப்படியே கிடக்கிறது. அமெரிக்காவில் 1985இல் வெளியான ஓர் ஆய்வில், காயடித்த குதிரைகளில் 20 முதல் 30 சதவீதம் வரை பெட்டையிடம் ஆண்குதிரை போல நடந்துகொண்டதாகக் கண்டிருக்கிறார்கள். சின்ன வயதில் காயடித்ததா, பருவம் வந்த பிறகு காயடித்ததா என்பதும் பெரிய வித்தியாசம் தரவில்லை. ஆகவே “நாலு வயசு வரைக்கும் விட்டீங்க, அதான்” என்று என்னிடம் சொன்னவர்களுக்கும் முழுப் பதில் தெரிந்திருக்கவில்லை.

இன்னொரு பேச்சும் உண்டு. விதையோடு ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் என்ற சுருள்குழாயில் ஒரு துண்டு மிச்சமிருந்தால் குதிரை இப்படி ஆகும் என்பார்கள். அந்தக் குழாய் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதே இல்லை. அதில் துண்டு மிஞ்சினாலும் இந்தக் குணம் வராது.

நிஜமாகவே சந்தேகிக்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு விதை கீழே இறங்காமல் வயிற்றுக்குள்ளோ தொடையிடுக்கிலோ தங்கியிருப்பது. உடல்சூட்டில் அது விந்தணு உண்டாக்காது, ஹார்மோனை மட்டும் சுரந்துகொண்டே இருக்கும். வெளியே தெரியும் ஒன்றை மட்டும் யாராவது எடுத்துவிட்டு விற்றால் வாங்குகிறவர் ஏமாறத்தான் வேண்டும். இதைக் கண்ணால் பார்த்தோ குணத்தை வைத்தோ சொல்ல முடியாது, ரத்தப் பரிசோதனை வேண்டும். கரியனுக்குச் செய்தது எச்.சி.ஜி. ஊசிப் பரிசோதனை, அதாவது விதையைத் தூண்டும் ஒரு ஹார்மோனை ஊசியாகப் போட்டுப் பார்ப்பது. முதலில் ரத்தம் எடுத்து டெஸ்டோஸ்டிரோன் பார்ப்பார்கள். அப்புறம் ஊசி போட்டு, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி எடுப்பார்கள். உள்ளே விதை இருந்தால் ஊசிக்குப் பதில் சொல்லும், அளவு ஏறும். இல்லையென்றால் கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஏ.எம்.எச். என்று, விதை சுரக்கும் வேறொரு ஹார்மோனைப் பார்க்கும் இன்னொரு பரிசோதனையும் இருக்கிறது, அதற்கு ஒருமுறை ரத்தம் எடுத்தால் போதும். உங்கள் பக்கத்தில் எது கிடைக்கும் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கரியனுக்கு அளவு அசையவே இல்லை. அறுவை சுத்தமாக நடந்திருந்தது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பழைய டாக்டர் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார், வயது அறுபதுக்கு மேல். தாளைக் கொடுத்து, “தப்பாப் பேசிட்டேனுங்க சார்” என்றேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “ரத்தம் எடுத்துப் பாத்திருக்கலாமுங்களே” என்று மட்டும் சொன்னார். யார் யாரிடம் சொன்னேனோ அத்தனை பேரிடமும் திரும்பப் போய்ச் சொன்னேன். எல்லோரும் நம்பினார்களா என்பது வேறு விஷயம்.

சரி, உங்கள் குதிரைக்கு வருகிறேன். முதலில் பெட்டையைப் பிரித்துவிடுங்கள். ஒற்றைக் கம்பி வேலி போதாது, மேலாகப் பாய்ந்து வயிற்றைக் கிழித்துக்கொள்ளும். நான் வெள்ளச்சியைத் தோப்பின் மறுகோடிக்கு மாற்றினேன், நடுவில் வைக்கோல் போரும் மாட்டுக்கொட்டகையும் மறைக்கிறது. முதல் பத்து நாள் கத்தினான், கம்பு தின்னாமல் வேலியோரமே நடந்தான். அப்புறம் நின்றுவிட்டது. பெட்டைக்கு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும், ஐந்தாறு நாள் இருக்கும். அந்த நாட்களில் இருவரையும் ஒரே வழியில் நடத்திப் போவதில்லை. “காயடிச்சதுதானே, ஏறினா என்ன” என்று விடாதீர்கள். பெட்டைக்குக் காயமும் தொற்றும் வரலாம், அவனுக்கும் பழக்கம் ஊறும்.

ஆனால் தனியாகவும் கட்டிப்போடாதீர்கள், குதிரை கூட்டத்தில் வாழும் பிராணி. கரியனுக்குத் துணையாக, ஊட்டியில் சவாரிக்கு ஓடி ஓய்ந்த ஒரு வயதான மட்டக்குதிரையைக் கொண்டுவந்தேன், அதுவும் காயடித்ததுதான். இரண்டு வாரம் வேலிக்கு இரு பக்கமும் நிறுத்திப் பழக்கி, பிறகுதான் சேர்த்துவிட்டேன். தீவனத் தொட்டி இரண்டையும் முப்பதடி தள்ளி வைத்தேன். கொள்ளுத் தீவனத்தைப் பாதியாகக் குறைத்து உலர்புல்லைக் கூட்டினேன். தினமும் காலையில் அரை மணி நேரம் கையில் பிடித்து நடத்துவது, நிறுத்துவது, பின்னால் போகச் சொல்வது, அவ்வளவுதான் பயிற்சி. வேலை வாங்கிக் களைக்கவைப்பது நோக்கமல்ல, மனிதன் பக்கத்தில் இருந்தால் கவனம் மனிதன்மேல் இருக்கவேண்டும் என்பதுதான்.

மேலுதட்டைச் சுருட்டி முகர்வது, மற்றவன் சாணத்தின் மேல் சாணம் போடுவது இதையெல்லாம் கணக்கில் எடுக்காதீர்கள். உதடு சுருட்டுவதைப் பெட்டைகூடச் செய்யும். ஆனால் வருடக்கணக்காக அமைதியாக இருந்தவன் திடீரென்று ஆரம்பித்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள், வலியோ நோயோ இருக்கலாம். படிக்கிற வேறு யாராவது புதிதாகக் காயடித்திருந்தால், குறைந்தது ஒரு மாதமாவது பெட்டையிடம் விடாதீர்கள். உள்ளே தங்கிய விந்து கருவுறவைத்துவிடக்கூடும்.

காயடிப்பதே பாவம் என்று எழுத வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் காயடிக்காத ஆண்குதிரைகள் காலில் சங்கிலியோடு வருடம் முழுக்கத் தனியாக நிற்பதைப் பார்க்கிறேன். என் கரியன் துணையோடு மேய்கிறான். காயடித்தால் குதிரை சோர்ந்துவிடும் என்பதும் சரியல்ல, 1930இல் மெல்போர்ன் கோப்பையை வென்ற பார் லாப் காயடித்த குதிரைதான்.

குதிரைமேல் அத்தனை இரக்கம் இருக்கிறவர்கள் கல்யாண ஊர்வலத்தைப் பற்றி ஏன் பேசுவதில்லை? மாதம் ஒருவராவது மாப்பிள்ளை அழைப்புக்குக் கரியனை வாடகைக்குக் கேட்டு வருகிறார்கள். செண்டை மேளம், முகத்துக்கு நேரே விளக்கு, காலடியில் ஆயிரம் வாலா வெடி. போன தையில் பக்கத்து ஊரில் ஒரு குதிரை மிரண்டு தார் ரோட்டில் சறுக்கி விழுந்து முழங்கால் உடைந்தது. பணம் கூடத் தருகிறோம் என்றாலும் நான் அனுப்புவதில்லை, அதனால் இரண்டு சொந்தக்காரர்களோடு பேச்சுவார்த்தை இல்லை.

உங்கள் குதிரையைக் காயடித்த பிறகு வாங்கினீர்களா, முன்பே உங்களிடம் இருந்ததா என்று எழுதுங்கள். பிறகு வாங்கியது என்றால் இந்த வாரமே ரத்தம் எடுத்துவிடுங்கள்.