பட்டாணியின் பல்லும் நகவெட்டியும்

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று வயது கினிப்பன்றி இருக்கிறான். பெயர் பட்டாணி. பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கேரட்டைக் காட்டினால் கீச்சிட்டுக்கொண்டு ஓடி வருகிறான், வாயில் வாங்குகிறான், இரண்டு கடி கடித்ததும் கீழே போட்டுவிடுகிறான். தாடைக்கு அடியில் முடி எப்போதும் ஈரமாக இருக்கிறது. கீழ் முன்பற்கள் நீண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்தது போலத் தெரிகின்றன. அவனை வாங்கிய கடையில் கேட்டால், “நகவெட்டியால் நறுக்கிவிடுங்கள், ஒரு நிமிட வேலை” என்கிறார்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள், அவனுக்கு வலிக்கும் என்று அழுகிறாள். வெட்டலாமா டாக்டர்? முயல் தீவனம், கேரட், வெள்ளரிக்காய் கொடுக்கிறோம். கடிப்பதற்குக் கூண்டில் ஒரு மரக்கட்டையும் போட்டிருக்கிறோம்.
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: வெட்டாதீர்கள் அம்மா. நகவெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். உங்கள் மகள் சொல்வதுதான் சரி.

கினிப்பன்றியின் பல் நம் நகத்தைப் போன்றதல்ல. அது நகவெட்டியின் அழுத்தத்தில் நேராக அறுபடாது, மூங்கில் பிளப்பது போல நீளவாக்கில் பிளக்கும். பிளவு ஈறுக்குள் இறங்கினால் பல்லின் நடுவில் இருக்கும் உயிருள்ள சதை வெளியே தெரியும், அந்த வழியாகக் கிருமி வேருக்குப் போகும். இப்படி வீட்டில் வெட்டப்பட்ட ஒரு கினிப்பன்றியைச் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கொண்டுவந்தார்கள். வெட்டி இரண்டு வாரம் ஆகியிருந்தது. கீழ்த்தாடையில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி. தொட்டால் கல் மாதிரி இருந்தது, உள்ளே முழுக்கக் கெட்டிச் சீழ். வெட்டியவர்கள் அதன்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தார்கள். அதைப் பார்த்த பிறகு, இந்தக் கேள்வி எப்போது வந்தாலும் முதல் வரியிலேயே ‘வேண்டாம்’ என்று எழுதிவிடுகிறேன்.

இன்னொன்று, உங்கள் கண்ணுக்குத் தெரிகிற முன்பல் அநேகமாக நோயே இல்லை. நோய் உள்ளே இருக்கிறது. கினிப்பன்றிக்கு மொத்தம் 20 பற்கள். முன்னால் மேலே 2, கீழே 2. மீதி 16-ம் கடைவாயில், கன்னத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. இருபதும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பக்கத்துப் புல்லைத் தின்று வாழ்ந்த இனம் இது. புல்லில் மணல் போன்ற நுண்ணிய சிலிக்கா உண்டு, அதை நாள் முழுக்க அரைத்தால் பல் தேயும். தேய்வதற்கு ஈடாக வளர்ச்சியும் இருக்கும். புல் இல்லாவிட்டால் தேய்வு நிற்கும், ஆனால் வளர்ச்சி நிற்காது.

கடைவாய்ப் பற்கள் நீண்டால் என்ன ஆகும் என்பதைச் சொன்னால் பட்டாணி ஏன் கேரட்டைக் கீழே போடுகிறான் என்று புரிந்துவிடும். கீழ்க் கடைவாய்ப் பற்கள் இயல்பாகவே நாக்கின் பக்கம் சாய்ந்தவை. தேயாமல் வளரும்போது இரண்டு பக்கத்திலிருந்தும் வளைந்து, நாக்குக்கு மேலே பாலம் கட்டியதுபோல நெருங்கி வரும். நாக்கு அதற்கு அடியில் மாட்டிக்கொள்ளும். பசி இருக்கிறது, ஆசை இருக்கிறது, ஓடியும் வருகிறான். வாயில் வாங்கியதை உள்ளே தள்ள நாக்கு நகர மாட்டேன் என்கிறது. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் தாடை நனைகிறது. வாயை முழுதாக மூட முடியாததால், அல்லது வலிக்காத பக்கமாக மட்டும் மெல்லுவதால், முன்பற்கள் ஒன்றோடு ஒன்று சரியாக உரசாமல் நீண்டு சாய்கின்றன. நீங்கள் பார்த்தது அந்தச் சாய்வைத்தான். (வெறும் நீளத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். கீழ் முன்பல் மேல்பல்லைவிட நல்ல நீளமாக இருப்பது இவற்றுக்கு இயல்பு.)

முன்பல்லை மட்டும் நறுக்கினால் இந்தப் பாலம் அப்படியே இருக்கும். மரக்கட்டையும் இதற்கு உதவாது, அது முன்பல்லால் கொறிப்பது.

இப்போது அவசரமான விஷயம். கினிப்பன்றியின் குடல் ஓயக் கூடாது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே உள்ளே போகாவிட்டால் குடல் இயக்கம் மந்தமாகி, வாயு கட்டி, கல்லீரலும் கெட ஆரம்பிக்கும். ஆகவே இன்றைக்கே சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, அதில் பட்டாணியை உட்கார வைத்து எடை பாருங்கள். வளர்ந்த கினிப்பன்றி பொதுவாக 700 முதல் 1,200 கிராம் வரை இருக்கும். அவனுடைய வழக்கமான எடை தெரிந்திருந்தால் 50 கிராம் குறைவே கவலைப்பட வேண்டியது. 100 கிராம் குறைந்திருந்தால் நாளைக்கு என்று தள்ளவே கூடாது.

மருத்துவரைப் பார்க்கும் வரை அவனுக்குப் பசியாற்ற வேண்டும். பெல்லட்டை (சிறு குச்சிகளாக அழுத்திச் செய்த தீவனம்) வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கூழாக மசித்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்துக்கொள்ளுங்கள். துண்டில் சுற்றி மடியில் வைத்து, முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் பக்கவாட்டிலிருந்து நுழைத்து, ஒரு முறைக்கு அரை மில்லி, ஒரு மில்லி என்று கொடுங்கள். அவன் மென்று விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்தது. மல்லாக்கப் போட்டு ஊட்டாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவில் ஒரு தடவையாவது எழுந்து ஊட்டுங்கள்.

வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் கொடுக்க வேண்டாம். குறிப்பாக, குழந்தைகளுக்கு வாங்கிவைத்த அமாக்ஸிசிலின் சிரப். பென்சிலின் வகை மருந்துகள் வாய்வழியாகப் போனால் கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் கொன்று, சில நாளில் உயிரையே எடுத்துவிடும். இது தெரியாமல் இழந்தவர்கள் நிறைய.

மருத்துவரிடம் போகும் முன் போனில் ஒரே கேள்வி கேளுங்கள்: “முயல், கினிப்பன்றி மாதிரி சின்னப் பிராணிகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பல் பார்ப்பீர்களா?” நாய், பூனை மட்டும் பார்ப்பவர் என்றால் நேர்மையாகச் சொல்லிவிடுவார். உங்கள் ஊரில் கிடைக்காவிட்டால் நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, அங்கே கேட்டுப் பாருங்கள். திருச்சி வெயிலில் பகலில் கிளம்பாதீர்கள். கினிப்பன்றிக்குச் சூடு ஆகவே ஆகாது. விடியற்காலையில் புறப்பட்டு, பெட்டியில் துண்டும் கை நிறையப் புல்லும் வைத்துக் கொண்டுபோங்கள்.

அங்கே என்ன செய்வார்கள்? கினிப்பன்றியின் வாய் குறுகலானது, உட்கன்னத்துச் சதை உள்பக்கம் மடிந்து மறைக்கும். விழித்திருக்கும்போது விளக்கு அடித்துப் பார்த்தாலும் பாதிதான் தெரியும். எக்ஸ்ரே எடுத்தால் வேர் தாடை எலும்புக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது தெரியும். பிறகு மயக்கம் கொடுத்து, சுழலும் சிறு கருவியால் நீண்ட பல்லைத் தேய்த்து மட்டமாக்குவார்கள். முன்பல்லையும் அப்படித்தான், வெட்டாமல் தேய்த்து. உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அந்த நேரத்தில் பட்டாணிக்கு வலி தெரியாது, பிறகும் வலி மருந்து தருவார்கள். மயக்கத்துக்கு முந்தைய இரவு பட்டினி போடச் சொன்னால், “கினிப்பன்றிக்கும் அப்படித்தானா டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள். இவற்றுக்கு வாந்தி வராது. நீண்ட பட்டினிதான் இவற்றுக்கு ஆபத்து.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. ஒரு தடவை தேய்த்ததோடு முடியாமல் போகலாம். சிலவற்றுக்கு நான்கிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிவரும். தேய்த்த பிறகும், சோர்ந்த தாடைத் தசைகள் தேறச் சில நாள் பிடிக்கும், அதுவரை சிரிஞ்சுதான். வேர் மிகவும் இறங்கியிருந்தால், இனி வலியில்லாமல் வாழ முடியுமா என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

அப்புறம் அந்த முயல் தீவனம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அதுதான். முயல் தன் உடம்பிலேயே வைட்டமின் சி தயாரித்துக்கொள்ளும், கினிப்பன்றியால் முடியாது, நம்மைப் போலத்தான். முயல் தீவனத்தை நம்பியிருந்தால் வைட்டமின் சி குறையும், பல்லைத் தாடையில் பிடித்துவைக்கும் இழைகள் தளரும், பல் இடம் மாறிச் சாயும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். கொய்யாப்பழத்தில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. ஆகவே ஒரு சின்னத் துண்டு, பத்து கிராம், போதும். பழத்தில் சர்க்கரையும் உண்டு, அதனால் தினமும் கொய்யா என்று வைக்காமல் குடைமிளகாயும் கொத்தமல்லித் தழையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். இப்போதைக்கு எல்லாவற்றையும் துருவியோ, மெல்லிய கீற்றாக நறுக்கியோ கொடுங்கள். தண்ணீரில் வைட்டமின் சொட்டு மருந்து கலக்கச் சொல்வார்கள், வேண்டாம். அது சீக்கிரம் வீரியம் இழக்கும், ருசி மாறினால் அவன் தண்ணீரே குடிக்காமல் விடுவான். கினிப்பன்றிக்கான பெல்லட்டாகவே வாங்குங்கள், தயாரித்த தேதியைப் பார்த்து. மூன்று மாதம் போனால் அதிலும் வைட்டமின் சி குறைந்துவிடும்.

அவன் சாப்பாட்டில் பெரும்பங்கு புல்லாக இருக்க வேண்டும். இணையத்தில் விற்கும் டிமோத்தி புல் நல்லது, விலைதான் கூடுதல். அருகம்புல் தாராளமாகக் கொடுக்கலாம், மருந்தடிக்காத இடத்தில் பறித்து, அலசி, ஈரம் உலர்த்தி. மாடு வளர்ப்பவர்கள் பயிரிடும் கினிப்புல் உங்கள் பக்கத்தில் கிடைத்தால் வாங்கி, நிழலில் பரப்பி, மொறமொறவென்று காயவைத்து வையுங்கள். மழைநாளில் பூஞ்சை பிடித்தால் மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிடுங்கள். வைக்கோல் படுக்கைக்குத்தான், உணவாகாது. பழகாத வயிறு, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

உங்கள் மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு, தினமும் காலையில் பட்டாணியின் எடையை எழுதட்டும். எத்தனை மில்லி ஊட்டினீர்கள், புழுக்கை சிறுத்திருக்கிறதா என்பதையும் எழுதட்டும். தேறிய பிறகு வாரம் ஒரு தடவை போதும். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டை அவளே கையில் எடுத்துக்கொண்டு வரட்டும்.