கொடுத்தாச்சா, கெடுத்தாச்சா?

வணக்கம் ஐயா,

பழைய பஜனை கேசட்டுகளைச் சுத்தம் செய்வது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் பீனிக்ஸில் இருக்கிறேன். கல்யாணம், காவடி, பிரேயர் என்று மைக் செட் போடுவதும், பதிவு செய்து மிக்ஸ் பண்ணிக் கொடுப்பதும் என் வேலை. தமிழில் எழுதும் பழக்கம் விட்டுப்போய்விட்டது, இதை அம்மா பார்த்துத் திருத்தினார்.

போன மாதம் மாமா ஒருவர் எனக்கு ஒரு வாட்ஸாப் வாய்ஸ் நோட் அனுப்பினார். இறந்துபோன பெரியவர் ஒருவர், வீடு யாருக்கு என்று அதில் சொல்கிறாராம். 41 நொடி. பின்னால் டிவி ஓடுகிறது. "இதைச் சுத்தம் பண்ணு. இது அவர் குரல்தான் என்று உன் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதமும் கொடு. வக்கீலிடம் தர வேண்டும்" என்கிறார். கேட்டால் அவர் குரல் போலத்தான் இருக்கிறது. கொடுக்கலாமா? ஒருவர் குரலை உறுதியாகச் சொல்ல முடியுமா? ஏஐ யாருடைய குரலிலும் பேசும் காலத்தில் இந்த வேலைக்கு அர்த்தம் இருக்கிறதா? இருந்தால் இங்கே டர்பனில் ஒருவர் இதை முறையாகக் கற்றுத் தொழிலாகச் செய்ய முடியுமா?

க., பீனிக்ஸ்

அன்புள்ள க.,

அந்தக் கடிதத்தைக் கொடுக்காதீர்கள். மாமா கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. ஏன் என்று சொல்வதற்கு நான் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். இதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை.

இருபது வருடத்துக்கு முன் எனக்கு ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. ஒரு கோயில் கமிட்டியில் கணக்குத் தகராறு. கூட்டத்தில் பேசியதை யாரோ சட்டைப்பையில் மைக்ரோ கேசட் கருவியை வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். அதை என்னிடம் கொண்டுவந்தவர் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிட்டார்: "பழைய பொருளாளர் எல்லாத்தையும் கொடுத்தாச்சு என்று தன் வாயாலேயே ஒத்துக்கொள்கிறார். மருமகனிடம் கொடுத்ததைத்தான் சொல்கிறார். அந்த இடத்தை மட்டும் தெளிவாக்கித் தாருங்கள்."

கேட்டேன். மின்விசிறிச் சத்தம், துணி உரசும் சத்தம், நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். நடுவில் பெரியவர் குரல். "எல்லாத்தையும் கொடுத்தாச்சு." எனக்கு அப்படித்தான் கேட்டது. இரைச்சலைக் குறைத்தேன், மேல் அலைவரிசைகளை வெட்டினேன், குரலை உயர்த்தினேன். இன்னும் தெளிவாகக் கேட்டது. அதை சிடியில் போட்டு, எழுத்திலும் ஒரு பக்கம் தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பொதுக்கூட்டத்தில் அந்தப் பக்கத்தை வாசித்தார்கள். பெரியவர் எழுந்து, "நான் அப்படிச் சொல்லவில்லை. எல்லாத்தையும் கெடுத்தாச்சு என்றேன். கோயில் பெயரைக் கெடுத்தாச்சு என்று வருத்தப்பட்டுச் சொன்னேன்" என்றார். யாரும் நம்பவில்லை. இயந்திரம் வைத்திருக்கிற ஆள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாரே! அன்றோடு அவர் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து வேறு வேலையாக அந்த மூலப் பதிவை ஓட்டிக்கொண்டிருந்தேன். அறையில் இருந்த ஒரு பையனுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. "யார் எதைக் கெடுத்தாங்க?" என்று கேட்டான். எனக்குக் கை நடுங்கிவிட்டது. பிறகு ஒன்றும் சொல்லாமல் நாலு பேருக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு பேர் "கொடு" என்றார்கள், இரண்டு பேர் "கெடு" என்றார்கள்.

காரணம் எளிது. ஒ, எ இரண்டும் குறில், வாய் திறப்பு ஏறக்குறைய ஒன்று. அதனால் கீழ் அலைவரிசையில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். வேறுபாடு தெரிவது வாய் வலுப்படுத்தும் இரண்டாவது அலைவரிசையில். ஒ என்றால் அது 1000 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் விழும், எ என்றால் 2000க்குப் பக்கத்தில். அந்தக் கேசட்டில் சரியாக அந்த இடத்தைத்தான் துணி உரசல் மூடியிருந்தது. மிச்சம் மீதி ஏதாவது இருந்திருந்தால் அதையும் என் வடிகட்டி அரித்துவிட்டது. நேர்மையாக எழுதியிருந்தால் "இந்த இடத்தைத் தீர்மானிக்க முடியாது" என்றுதான் எழுதியிருக்க வேண்டும். நான் கேட்டது அந்தப் பெரியவர் சொன்ன சொல்லை அல்ல, எனக்கு முன்கூட்டியே சொல்லப்பட்ட சொல்லை.

அவர் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். டீ கொடுத்தார். ஒன்றும் பேசவில்லை.

எனக்கு நேர்ந்ததற்கு ஆய்வுலகில் "பிரைமிங்" என்று ஒரு பெயர் இருக்கிறது என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். நியூசிலாந்தில் டேவிட் பெய்ன் என்பவர் மீதான கொலை வழக்கு. அவர் அவசர எண்ணுக்குப் பேசிய பதிவில், மூச்சிரைப்புக்கு நடுவே ஒப்புதல் வாக்குமூலம் போன்ற ஒரு வாக்கியம் இருப்பதாகக் காவல்துறை சொன்னது. 2009இல் நடந்த மறுவிசாரணையில் ஜூரிக்கு அது போய்ச் சேராதபடி உச்ச நீதிமன்றம் நிறுத்திவிட்டது. பிறகு ஆஸ்திரேலிய ஒலியியலாளர் ஹெலன் ஃப்ரேசரும் சகாக்களும் அதே பதிவைப் பலருக்குப் போட்டுச் சோதித்தார்கள். இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்த பிறகுதான் அது பலர் காதில் விழத் தொடங்கியது. ஒருமுறை விழுந்துவிட்டால் பிறகு கேட்காமல் இருப்பது கடினம்.

மாமா உங்களிடம் "வீடு யாருக்கு என்று சொல்கிறார்" என்று சொல்லித்தானே வாய்ஸ் நோட்டைக் கொடுத்தார்? அப்படியென்றால் அதை எழுத்தில் பெயர்க்கும் தகுதியை அந்த நொடியே நீங்கள் இழந்துவிட்டீர்கள். உங்கள் காதில் குறை ஒன்றும் இல்லை. என்னைவிட நல்ல காதாகவே இருக்கும்.

குரல் விஷயத்துக்கு வருகிறேன். 1962இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் கெர்ஸ்டா, பேச்சின் அலைவரிசைப் படத்தை வைத்து ஆளை அடையாளம் காணலாம் என்று எழுதி, அந்தப் படத்தைக் "குரல்ரேகை" என்ற பெயரால் அழைத்தார். கெடுதலே அந்தப் பெயரில்தான். கைரேகை என்ற சொல் மனதில் வந்ததும் மாறாத ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். குரல் அப்படியா? காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. சளி பிடித்தால் ஒன்று, பேத்தியிடம் பேசும்போது ஒன்று, வக்கீலிடம் பேசும்போது இன்னொன்று. 1979இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் குழு, இந்த முறையின் நம்பகம் நிறுவப்படவில்லை என்று அறிக்கை கொடுத்தது. 2007இல் தடய ஒலியியலாளர்களின் பன்னாட்டுச் சங்கம், படத்தைக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த முறைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்றே தீர்மானம் போட்டது. ஆனாலும் "குரல்ரேகை பொருந்தியது" என்ற பேச்சு இன்னும் நம் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

இன்றைக்கு முறையாகச் செய்பவர்கள் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். இந்த இரண்டு குரலும் எவ்வளவு ஒத்திருக்கின்றன? அதே மாதிரி மனிதர்களிடம் அந்த ஒற்றுமை எவ்வளவு சாதாரணம்? முதல் கேள்விக்குக் கணினி பதில் சொல்லும். இரண்டாவது கேள்வியில்தான் நாம் மாட்டிக்கொள்கிறோம். அந்த வாய்ஸ் நோட்டில் பேசுபவர் எழுபது வயதைத் தாண்டிய டர்பன் தமிழர் என்று வையுங்கள். பாதி தமிழ், பாதி நம் ஊர் ஆங்கிலம், நடுவில் ஒரு ஜூலு சொல். அவரோடு ஒப்பிட, அப்படிப் பேசும் நூறு பெரியவர்களின் குரல் வேண்டும். பத்துப் பேரில் ஏழு பேர் அப்படித்தான் பேசுவார்கள் என்றால் அந்த ஒற்றுமைக்கு என்ன மதிப்பு?

இந்த நாட்டில் அப்போதிருந்த 11 ஆட்சிமொழிகளுக்கும் பேச்சுப் பதிவுகளின் தொகுப்பு உருவாக்கினார்கள். நல்ல வேலை. தமிழ் அதில் கிடையாது. அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, ஆனால் தொகுப்பு என்று வரும்போது நம் பெரியவர்களின் குரல் எங்கும் இல்லை. மொழியியலாளர் ராஜேந்த் மெஸ்த்ரி நம் இந்திய ஆங்கிலத்தைப் பற்றி ஆழமாக எழுதியிருக்கிறார், அது ஒரு பெரிய தொடக்கம். சென்னையிலோ மதுரையிலோ சேர்த்த குரல்களை வைத்து டர்பன் சாட்ஸ்வொர்த் தாத்தாவை அளக்கக் கூடாது. இந்தத் துறை இங்கே வளர வேண்டுமானால் முதலில் இந்தத் தொகுப்பு வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். புது மென்பொருள் அப்புறம் வரட்டும்.

இதெல்லாம் வெளிநாட்டு விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். பதிவு செய்த ஒலியை நீதிமன்றம் எவ்வளவு சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்று நம் நட்டாலிலேயே ஒரு நீதிபதி விரித்துச் சொல்லியிருக்கிறார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தேசத்துரோக வழக்கு. நிறவெறி அரசை எதிர்த்த ஐக்கிய ஜனநாயக முன்னணியையும் நட்டால் இந்தியக் காங்கிரஸையும் சேர்ந்தவர்கள் உட்பட 16 பேர் கூண்டில் நின்றார்கள். மேவா ராம்கோபின், ஆல்பர்டினா சிசுலு, ஆர்ச்சி குமேடே, எம். ஜே. நாயுடு எல்லாரும் அதில் இருந்தார்கள். அரசுத் தரப்பு கூட்டங்களில் எடுத்த ஒலி, ஒளி நாடாக்களைக் கொண்டுவந்தது. இவை மூலப் பதிவுகள்தான் என்பதை, இவற்றில் யாரும் கைவைத்திருக்க நியாயமான வாய்ப்பே இல்லை என்பதை, பேசுவது யார் என்பதை, பேச்சு புரியும்படி இருக்கிறது என்பதை அரசுதான் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்றார் நீதிபதி மில்ன். நிரூபிக்க முடியவில்லை. நாடாக்களை அவர் ஏற்கவில்லை. 1985 டிசம்பரில் 12 பேர் மீதான குற்றச்சாட்டு திரும்பப் பெறப்பட்டது, மீதி நாலு பேர் மீது இருந்ததும் அடுத்த ஆண்டு போயிற்று. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. அரசின் நிபுணர் சாட்சி குறுக்கு விசாரணையில் நிலைகுலைந்ததும் அந்த வழக்கில்தான். எல்லா நீதிபதிகளும் மில்ன் அளவுக்குக் கறாராக இருந்ததில்லை, அதே காலத்தின் இன்னொரு தேசத்துரோக வழக்கான டெல்மாஸ் வழக்கில் வேறு பார்வை வந்தது. எனக்கு மில்ன் சொன்னதே சரி. அன்றைய அரசு கொண்டுவந்த நாடாவுக்கு அவ்வளவு கேள்வி என்றால், இன்று மாமா கொண்டுவரும் 41 நொடிக்கும் அதே கேள்விகள் உண்டு.

ஆக, மாமாவிடம் கேட்க வேண்டியது: முதலில் பதிவான போன் எங்கே? அனுப்பப்பட்ட கோப்பு, வந்து சேர்ந்த போனில் அப்படியே இருக்கிறதா? எத்தனை கை மாறி வந்தது? வாட்ஸாப் குரலை மிகவும் சுருக்கித்தான் அனுப்பும், கோப்பின் பெயரில் இருக்கும் தேதியை வைத்து எதையும் சொல்ல முடியாது. கோப்பைத் திறந்து "சரிசெய்து" சேமித்தால் அது வேறு கோப்பு. முதலில் நகல் எடுங்கள், ஒரு பிட் மாறினாலும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு எழுதி வையுங்கள், வேலை எல்லாம் நகலில்தான். இசைக்காகச் சுத்தம் செய்யும்போது காதுக்கு இனிமை தேவை. இங்கே இனிமை ஆபத்து.

நீங்கள் சொன்ன டிவி சத்தம் உண்மையில் நல்ல செய்தி. என்ன நிகழ்ச்சி என்று தெரிந்தால் நேரம் தெரியும். அதோடு மின்சாரத்தின் ரீங்காரம் என்று ஒன்று இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றாலும் சரியாக 50இல் நிற்பதில்லை. நொடிக்கு நொடி ஒரு ஹெர்ட்ஸில் நூறில் சில பங்கு ஏறி இறங்கும், அந்த ஏற்ற இறக்கம் மின்கட்டம் முழுக்க ஒன்றாகவே இருக்கும். ருமேனியாவைச் சேர்ந்த காட்டலின் கிரிகோராஸ், பதிவில் ஒட்டிக்கொண்ட இந்த ரீங்காரத்தை மின்கட்டத்தின் பதிவேட்டோடு ஒப்பிட்டு நேரத்தைக் கண்டுபிடிக்கும் முறையை வளர்த்தார். 41 நொடி அதற்குக் குறைவு, வாட்ஸாப் சுருக்கத்தில் ரீங்காரமும் தேய்ந்துபோயிருக்கலாம். ஆனால் நம் ஊருக்கென்று ஒன்று உண்டு: பல வருடம் நம்மைப் படுத்திய லோட் ஷெடிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது. அந்த நேரத்தில் அந்தத் தெருவில் கரண்ட் இல்லை என்று அட்டவணை சொல்ல, பதிவில் மின்கட்டத்தின் அலைவு தெரிந்தால் கேள்வி கேட்கலாம். வீட்டில் இன்வெர்ட்டர் ஓடியிருந்தால் அதன் 50 இப்படி ஏறி இறங்காமல் ஒரே நிலையில் நிற்கும். இந்த மாதிரி உள்ளூர் அறிவு அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ இருப்பவருக்குத் தானாக வராது. உங்களுக்கு வரும்.

ஏஐ பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலைக்கு அர்த்தம் கூடியிருக்கிறது. பொய்க்குரல் உண்மையாகப் போய்விடும் என்று மட்டும் பயப்படக் கூடாது, உண்மைக் குரலையும் "அது ஏஐ" என்று ஒருவர் தட்டிவிட்டுப் போய்விடலாம். கண்டுபிடிக்கும் கருவிகளை ஆய்வாளர்கள் 2015 முதல் பொதுப் போட்டிகளில் சோதித்து வருகிறார்கள். ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில் சோதித்த கருவி, சுருக்கி அனுப்பிய டர்பன் தமிழைப் பற்றிச் சொல்லும் விழுக்காட்டை நான் நம்பமாட்டேன். எந்தக் கோப்பு, எந்தப் போன், யார் கையில் இருந்தது என்ற பழைய கேள்விகள்தான் இன்னும் அதிகம் காப்பாற்றும்.

கற்பதற்கு வழி இருக்கிறது. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகம் தடயப் பேச்சறிவியலில் பட்டம் தருகிறது. அமெரிக்காவின் டென்வரில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஊடகத் தடயவியல் மையம் இருக்கிறது, கிரிகோராஸ் அங்கேதான் வேலை செய்கிறார். போக முடியாவிட்டால் ஒலிப் பொறியாளர் சங்கமான ஏஇஎஸ் தடய ஒலிக்கென்று வெளியிட்ட தரவிதிகளை வாசித்துத் தொடங்குங்கள். அதற்கும் முன்னால், உங்களை நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள். தெரிந்த பேச்சை எடுத்து, இரைச்சலைக் கலந்து, வேறொருவர் உறையிலிட்டுத் தரட்டும். நீங்கள் எழுதுங்கள், பிறகு திறந்து எத்தனை தவறு என்று எண்ணுங்கள். நூறு முறை செய்யுங்கள். தன் தவறு விகிதம் தெரியாதவர் இந்தத் துறையில் கையெழுத்துப் போடக் கூடாது. நான் போட்டேன்.

அந்தத் தொகுப்பை நீங்களே தொடங்கலாம் என்றும் தோன்றுகிறது. காவடிக்கும் கல்யாணத்துக்கும் மைக்கோடு போகிறீர்கள். பெரியவர்களிடம் எதற்காக என்று விளக்கி, எழுத்தில் சம்மதம் வாங்கி, பத்து நிமிடம் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். நல்ல மைக்கில் ஒன்று, போனில் ஒன்று, வாட்ஸாப்பில் அனுப்பி வாங்கியது ஒன்று. வயது, ஊர், வீட்டில் பேசும் மொழி குறித்து வையுங்கள். இன்னும் பத்து வருடம் போனால் பதிவு செய்ய யாரும் இருக்கமாட்டார்கள்.

அந்த மைக்ரோ கேசட்டின் மூலப் பிரதி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. இன்றைய கருவிகளில் அந்த ஒரு சொல்லை மறுபடி யாராவது பார்க்க வேண்டும் என்று ஆசை. இந்தப் பதிலைப் படித்துவிட்டதால் நீங்கள் அதைக் கேட்க முடியாது, க. இதைப் படிக்காத, தமிழ் காது உள்ள நண்பர் யாராவது இருந்தால் அனுப்பி வையுங்கள். எதற்கு என்று அவரிடம் சொல்லாதீர்கள்.