கண்ணாடி அலமாரிக் கேடயம்

கேள்வி: அமெரிக்காவில் கிராண்ட் ஜூரி (ஒருவர்மீது குற்றம் சாட்டலாமா என்று ஆராயும் குடிமக்கள் குழு) அனுப்பும் அழைப்பாணைக்கு எதிராகப் பத்திரிகையாளர்களுக்குச் சட்டம் ஒரு கேடயம் தரவேண்டும் என்கிறார்களே, சாதாரணக் குடிமகனுக்கு இல்லாத இந்தச் சலுகை அவர்களுக்கு மட்டும் எதற்கு?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: கேடயம் என்று எழுதிவிட்டீர்கள், அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். நம் ஊரில் கேடயம் போர்க்களத்தை விட்டு வெகுகாலமாகிறது. இப்போது அது பொன்னாடைக்கு அடுத்தபடியாக மேடையில் தரப்படுவது, வீடு வந்ததும் கண்ணாடி அலமாரியில் ஏறுவது. என் அலுவலக அலமாரியிலும் மூன்று உள்ளன. அவற்றுள் ஒன்றில் என் பெயரிலுள்ள ழகரம் லகரமாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது; அதை விழாக் குழுவினரிடம் சுட்டிக்காட்டியதிலிருந்து அழைப்பிதழ் வருவது நின்றுவிட்டது. இவ்வகைக் கேடயத்தை நம்பி வாளுக்கு முன்னால் யாரும் போய் நிற்கமாட்டார்கள். கென்டக்கி மாநிலத்துச் செய்தியாளர் பால் பிரான்ஸ்பர்க் நின்றார்.

இரண்டு இளைஞர்கள் கஞ்சாவிலிருந்து ஹஷீஷ் தயாரித்து மூன்று வாரத்தில் ஏறத்தாழ 5,000 டாலர் ஈட்டியதை நேரில் பார்த்து, 1969 நவம்பரில் லூயிவில் நகரின் கூரியர்-ஜர்னல் நாளிதழில் அவர் எழுதினார். உடன் வெளியான படத்தில் முகம் கிடையாது. மேசைமேல் வேலை செய்யும் ஒரு ஜோடிக் கைகள் மட்டுமே. அந்தக் கைகள் யாருடையவை என்று கிராண்ட் ஜூரி கேட்டது. செய்தி தந்தவரின் பெயரைச் சொல்லவேண்டியதில்லை என்று கென்டக்கியில் ஏற்கெனவே சட்டம் இருந்ததால், பிரான்ஸ்பர்க் அதை உயர்த்திப் பிடித்தார். மாநில நீதிமன்றமோ, அச்சட்டம் தகவல் சொன்னவரைத்தான் காக்கும், செய்தியாளர் தம் கண்ணால் கண்டதற்குப் பொருந்தாது என்றது. அதாவது டீக்கடையில் காதில் விழுந்ததை எழுதியவருக்குக் கேடயம் உண்டு. படியேறிப் போய்ப் பார்த்துவிட்டு எழுதியவருக்கு இல்லை. செவிவழிச் செய்திக்கு இதைவிடப் பெரிய விருதை நான் அறியேன்.

வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1972 ஜூனில் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் பிரான்ஸ்பர்க் தோற்றார். நீங்கள் கேட்பதைத்தான் நீதிபதி பைரன் ஒயிட்டும் கேட்டார்: எல்லாக் குடிமக்களுக்கும் உள்ள சாட்சி சொல்லும் கடமை இவர்களுக்கு மட்டும் ஏன் இல்லை? பெரும்பான்மை ஐவரில் ஐந்தாமவரான நீதிபதி லூயிஸ் பவல், அவருடன் சேர்ந்துகொண்டே தனியாக ஒரு குறிப்பும் எழுதி, ஒவ்வொரு வழக்கிலும் இரு பக்கத்தையும் சீர்தூக்கிப் பார்க்கலாம் என்றார். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய பாட்டர் ஸ்டூவர்ட் பின்னாளில், நாலரைக்கு நாலரை என்று முடிந்த வழக்கு இது என்று கேலி செய்தார்.

சலுகை என்கிறீர்கள். வழக்கறிஞரிடம் நீங்கள் சொன்னதை நீதிமன்றம் அவரிடம் கேட்க முடியாது என்றால், அந்தச் சலுகை கறுப்பு அங்கிக்கு உரியதன்று, கட்சிக்காரரான உங்களுக்கு உரியது. செய்தியாளர் விஷயத்திலும் காக்கப்பட வேண்டியவர் அவரை நம்பி வாய் திறந்தவர்தான். அந்த வாய் எப்போதும் ஏழையின் வாயாக இருப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நியூயார்க் டைம்ஸின் ஜூடித் மில்லர் 2005இல் 85 நாள் சிறையில் கிடந்து காத்தது, துணை அதிபரின் தலைமை அலுவலரான லூயிஸ் லிப்பியை. அவருக்காக எனக்குக் கண்ணீர் வரவில்லை. ஆயினும் ஆளைப் பார்த்துக் கதவைத் திறப்பதென்றால், அடுத்த முறை தட்டும் எளியவருக்குத் துணிச்சல் வராது.

பிரான்ஸ்பர்க்குடன் சேர்த்து விசாரிக்கப்பட்ட எர்ல் கால்ட்வெல் இன்னும் ஒரு படி மேலே போனார். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் அமைப்பைப் பற்றி எழுதிவந்த அவர், கிராண்ட் ஜூரியின் அறைக்குள் நுழையவே மறுத்தார். அங்கே நீதிபதி இல்லை, சாட்சியின் வழக்கறிஞர் வெளியேதான் நிற்கவேண்டும், நடப்பதெல்லாம் ரகசியம். உள்ளே ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பினாலும் அதை வெளியே எவர் நம்புவார்? என் கட்சியும் அதுவே: கேடயம் அறைக்குள் பயன்படாது, வாசலிலேயே வேண்டும். நாடு முழுமைக்குமான அப்படியொரு மசோதாவைப் பிரதிநிதிகள் அவை 2024 ஜனவரியில் எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. செனட்டில் அது கிடந்து காலாவதியாயிற்று.

அதே தீர்ப்பில் தோற்ற மூன்றாமவர் பால் பப்பாஸ், மாசசூசெட்ஸ் தொலைக்காட்சிச் செய்தியாளர். போலீஸ் சோதனை வந்தால் மட்டுமே செய்தி வெளியிடுவேன் என்று வாக்களித்துவிட்டு, 1970 ஜூலையில் கருஞ்சிறுத்தைகளின் அலுவலகத்துக்குள் சுமார் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். சோதனை வரவில்லை, அவரும் ஒரு வரிகூட எழுதவில்லை. இரண்டு மாதம் கழித்து அவருக்கும் அழைப்பாணை வந்தது.