பழைய யாட்டில் (பாய்மரப் படகு) மாஸ்ட்டுக்குள் (பாய்மரத் தூண்) சுருளும் மெயின்செயில் (பெரிய பாய்) இறுகிவிட்டது. மாஸ்ட்டை இறக்காமல் சரிசெய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து பாயை வெளியே இழுக்கும் அவுட்ஹால் கயிற்றைப் பெரிய விஞ்சில் (கயிறு இழுக்கும் உருளை) போட்டு இழுக்காதீர்கள். 1990களில் கட்டிய 40 அடிப் படகு, பாய் மூன்றில் ஒரு பங்கு வெளியே நிற்கிறது, உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நிலையில் விஞ்சின் பலத்தைக் காட்டினால் பாய் கிழியும், இல்லையென்றால் கியர் பல் உடையும். அப்புறம் மாஸ்ட்டை இறக்குவதைத் தவிர வழி இருக்காது.

நான் மலேசியாவின் லங்காவியில் ரிக்கிங் வேலை (மாஸ்ட், கயிறு, பாய் பொருத்துவது) செய்கிறவன். 2020, 2021இல் உரிமையாளர்கள் வர முடியாமல் மெரினா படகுத்துறையில் கிடந்த படகுகளில் இந்தக் கோளாறை நிறையப் பார்த்தேன். ஓடாமல் கிடப்பதுதான் இந்த அமைப்புக்கு முதல் எதிரி.

உங்கள் படகில் இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பாதி சுருண்ட பாயைக் கீழே இறக்க முடியாது. முழுவதும் வெளியே வந்தால்தான் அது, மாஸ்ட்டுக்குள் அதைச் சுருட்டும் தண்டின் பள்ளத்தில் வழுக்கி இறங்கும். ஆகவே பலத்த காற்று வந்தால் அந்த மூன்றில் ஒரு பங்கு பாய் படகையே ஆட்டிவைக்கும். ஒரு உபரி ஹால்யார்டை (பாயை மேலே ஏற்றும் கயிறு) எடுத்து, வெளியே நிற்கும் பாயையும் மாஸ்ட்டையும் சேர்த்துக் கீழிருந்து மேலாகச் சுற்றி இறுக்கிக் கட்டிவிடுங்கள். வேலையை நிதானமாகச் செய்ய நேரம் கிடைக்கும்.

இனி அமைப்பு. மாஸ்ட்டின் பின்பக்கம் நெடுக ஒரு பிளவு. உள்ளே ஒரு அலுமினியத் தண்டு, பாயின் முன்விளிம்பு அதில் கோத்திருக்கும். அடியில் கியர் பெட்டி. முனையில்லாத கயிறோ விஞ்ச் கைப்பிடியோ அதைச் சுழற்றும். உச்சியில் ஸ்விவல் என்ற சுழல் இணைப்பு. ஹால்யார்டு சுழலாமல் நிற்க, பாய் மட்டும் தண்டோடு சுழல வழிசெய்வது அதுதான். டெட் ஹுட்டின் பழைய ஸ்டோவே மாஸ்ட்டிலிருந்து இன்றைய செல்டேன் நிறுவன மாஸ்ட் வரை அடிப்படை ஏறக்குறைய இதேதான்.

இதில் இறுகியிருப்பது துணியா, எந்திரமா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். கைப்பிடியைப் போட்டு இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள். தண்டு கொஞ்சம் நகர்ந்து, எதையோ அமுக்கியது போல மெத்தென்று நின்றால் துணிதான் சிக்கியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர்கூட அசையாமல் கல் மாதிரி நின்றால் எந்திரம். திருப்பும் முன், ஒரு பக்கம் மட்டுமே சுழலவிடும் ராட்செட் பூட்டை விடுவித்தாயிற்றா என்றும் பாருங்கள். அதை மறந்துவிட்டு உடைத்த கியர்களை நான் பார்த்திருக்கிறேன்.

துணி சிக்கியிருந்தால், டார்ச்சும் பைனாகுலரும் வைத்துப் பிளவைக் கீழிருந்து மேல்வரை பாருங்கள். எங்கோ ஒரு மடிப்பு பிளவில் கவ்விக்கொண்டிருக்கும். காற்று இல்லாத காலை வேளையில், மாஸ்ட் உச்சியைப் பின்னால் இழுத்துப்பிடிக்கும் பின்கயிற்றின் இழுவையைத் தளர்த்தி மாஸ்ட்டை நேராக்குங்கள். மாஸ்ட் வளைந்திருந்தால் தண்டின் நடுப்பகுதி உள்சுவரில் உரசும். இதைச் செய்தாலே பாதிப் படகுகளில் இறுக்கம் குறைந்துவிடும். பிறகு கொஞ்சம் சுருட்டுங்கள், கொஞ்சம் இழுங்கள், மறுபடி சுருட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு கை அகலம் கிடைத்தால் போதும். நகரவே இல்லையென்றால் ஒருவர் கயிற்றில் தொங்கும் நாற்காலியில் மேலே போய் மடிப்பை மெல்லிய பிளாஸ்டிக் பட்டையால் தட்டையாக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் கொண்டு குத்துவது வேண்டாம். இந்த வெப்ப நாட்டில் இன்னொன்றும் உண்டு: மாதக்கணக்கில் நின்ற படகின் பிளவுக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும். வெந்நீரை ஊற்றி ஊறவைத்தால் கரைந்துவிடும்.

எந்திரம் இறுகியிருந்தால்தான் உண்மையான வேலை. பல மாடல்களில் தண்டையும் கியர் பெட்டியையும் ஒரு குறுக்குப் பின் இணைக்கும். அதைக் கழற்றுங்கள். இப்போது கியரைத் தனியாகச் சுழற்றிப் பாருங்கள், தண்டையும் தனியாகக் கையால் திருப்பிப் பாருங்கள். எது சுழலவில்லையோ அங்கேதான் கோளாறு. இந்த ஒரு சோதனை தேவையில்லாத பல நாள் வேலையை மிச்சப்படுத்தும். கியரையே குற்றவாளி என்று முடிவுகட்டி அதைப் பிரித்துப்போட்டுவிட்டு, கடைசியில் உச்சி ஸ்விவலில் நோயைக் கண்டுபிடிப்பது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கிறது.

கீழ்ப் பெட்டியைப் பிரிக்கும்போது ஸ்க்ரூக்கள் வராது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ, அலுமினிய உறை, நடுவில் உப்புநீர் மூன்றும் சேர்ந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். அந்த அரிப்பில் உண்டாகும் வெள்ளைப் பொடி, கரைந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் மரை அப்படிப் பூட்டிக்கொள்கிறது. முதலில் வெந்நீர் ஊற்றி உப்பைக் கரையுங்கள். பிறகு ஊடுருவும் எண்ணெய் விட்டு, இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாளும் விடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஹீட் கன் வைத்துச் சூடாக்குங்கள். அலுமினியம் ஸ்டீலைவிட அதிகமாக விரியும், எனவே பிடி தளரும். கேஸ் டார்ச் வேண்டாம்: 200 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடானால் மாஸ்ட்டில் இருக்கும் வகை அலுமினியம் பலமிழக்கும், பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பாகங்களும் உருகும். சூடு இருக்கும்போதே, சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவரைப் பயன்படுத்துங்கள். தலை தேய்ந்துபோனால் இடப்பக்கம் சுழன்று துளைக்கும் டிரில் பிட் கைகொடுக்கும்.

திறந்ததும் பழைய கிரீஸ் சோப்புக்கட்டி போல உறைந்திருக்கும். மண்ணெண்ணெயில் கழுவிவிட்டுப் பல்லைப் பாருங்கள். பல் சரியாக இருந்து பேரிங் மட்டும் போயிருந்தால் கவலைப்பட வேண்டாம். அதன் விளிம்பில் எண் பொறித்திருக்கும். 6205 என்றிருந்தால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, தடிமன் 15 மில்லிமீட்டர். மோட்டார் கடையிலேயே கிடைக்கும், இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதாகக் கேளுங்கள். நிறுவனம் அந்த மாடலை நிறுத்திவிட்டாலும் பேரிங் நின்றுபோவதில்லை. பழைய படகுக்காரர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டால் பெரிய செலவு தப்பும்.

டபிள்யூடி-40 அடித்துவிட்டு மூடிவிடாதீர்கள். 1953இல் அது உருவாக்கப்பட்டதே ஈரத்தை விரட்டத்தான். திறக்க உதவும். ஆனால் உப்புக்காற்றில் பல மாதம் தாங்கும் மசகு அது அல்ல. நீருக்கு அசையாத மரைன் கிரீஸைப் போடுங்கள். ஸ்க்ரூக்களைத் திரும்ப மாட்டும்போது ஒவ்வொன்றின் மரையிலும் டெஃப்-ஜெல் அல்லது டியூராலாக் என்ற அரிப்புத் தடுப்புப் பசையைத் தடவியே ஆக வேண்டும். இதை விட்டால் சில வருடத்தில் இதே வேலை.

உச்சி ஸ்விவலுக்கு மேலே ஏறித்தான் ஆக வேண்டும். இரண்டு தனித்தனி ஹால்யார்டில் கட்டிக்கொண்டு ஏறுங்கள், ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். அங்கே ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது: சுமையில்லாமல் கையால் திருப்பினால் ஸ்விவல் அழகாகச் சுழலும். ஹால்யார்டை இறுக்கியதும் நின்றுவிடும். ஆகவே பாயைக் கழற்றிய பிறகு ஸ்விவலைக் கீழே இறக்கி, ஒரு பக்கம் கட்டி, மறுபக்கம் ஒரு ஆள் எடையைத் தொங்கவிட்டுத் திருப்பிப் பாருங்கள். கரகரத்தால் வெந்நீரில் அலசி, பேரிங்கில் புதுக் குண்டுகள் போடுங்கள்; உள்வளையத்தில் குழி விழுந்திருந்தால் ஸ்விவலையே மாற்றுங்கள். அதே நேரம் தண்டின் இழுவையையும் சரிபாருங்கள். தொய்ந்தால் மாஸ்ட் சுவரில் அடித்துக்கொள்ளும், அளவுக்கு மீறி இறுகினால் பேரிங் சீக்கிரம் போய்விடும்.

எல்லாம் சரியாகச் சுழன்றும் பாய் மறுபடி சிக்குகிறது என்றால், பாயைத்தான் சந்தேகிக்க வேண்டும். வெயிலில் தொய்ந்த பழைய டாக்ரான் பாய்த்துணி தடித்துச் சுருளும். மாஸ்ட்டின் உள்குழி அளவு மாறாதே. பாய் தைப்பவரிடம் காட்டித் தட்டையாக வெட்டித் தரச் சொல்லுங்கள். சுருட்டும்போது அவுட்ஹாலை ஒரேயடியாக விட்டுவிடாமல் கொஞ்சம் இழுவையோடு விடுங்கள். பாயின் அடியில் கிடையாக நிற்கும் பூம் கம்பத்தின் பின்முனை லேசாக உயர்ந்திருக்கட்டும். அளவுக்கு மேல் உயர்ந்தால் பின்விளிம்பு தொய்ந்து மடியும், தாழ்ந்தால் அடிவிளிம்பு தொய்யும்.

குறுக்குப் பின்னைக் கழற்றிப் பார்த்துவிட்டு எந்த முனை இறுகியிருக்கிறது என்று கீழே எழுதுங்கள். கியர் பெட்டியின் படமும் மாடல் எண்ணும் போட்டால், உங்கள் மாஸ்ட்டுக்கு எந்த வரிசையில் பிரிக்கலாம் என்று சொல்கிறேன்.