மாதத் தவணையை பில்டர் கட்டுவாராம், கடன் யார் பெயரில்?

கேள்வி: பெரம்பூரில் வசிக்கிறேன், தனியார் நிறுவனத்தில் வேலை. சேமிப்பு 18 லட்சம். சிறுசேரியில் கட்டத் தொடங்கியிருக்கும் ஓர் அடுக்குமாடியில், 68 லட்ச ரூபாய் வீட்டை முதலீடாக வாங்கலாம் என்று 2 லட்சத்துக்குக் காசோலை கொடுத்து முன்பதிவு செய்துவிட்டேன். "20 சதவீதம் இப்போதே கட்டுங்கள். மீதியை வங்கி ஒரே தடவையில் கொடுத்துவிடும். சாவி தரும்வரை மாதத் தவணை பில்டர் பொறுப்பு. மூன்று ஆண்டில் 90 லட்சத்துக்கு அவரே திரும்ப வாங்கிக்கொள்வார், எழுதியும் தருவார்" என்கிறார் முகவர். கார் நிறுத்துமிடத்துக்கு 3 லட்சம் ரொக்கமாம். பணம் போதாவிட்டால், காலமான அப்பா பெயரில் உள்ள எங்கள் வீட்டை அடமானம் வைக்கலாமா? அம்மாவும் மணமான தங்கையும் இருக்கிறார்கள்.

பதில்: கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள். தவணை கட்டுவதாக பில்டர் சொல்வது அவருக்கும் உங்களுக்கும் உள்ள பேச்சு. வங்கியை அது கட்டுப்படுத்தாது. அவர் ஆறு மாதம் கட்டிவிட்டு நிறுத்தினால் சிபில் எனப்படும் கடன் தகுதி மதிப்பெண் சரிவது உங்களுக்கு, நோட்டீஸ் வருவதும் உங்கள் வீட்டு வாசலுக்கு. நொய்டா பக்கம் இப்படி மாட்டிக்கொண்ட குடும்பங்களின் வழக்குகள் உச்ச நீதிமன்றம்வரை போய், 2025-இல் சிபிஐ விசாரணைக்கு வந்தன. கட்டுமானம் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதற்கேற்பத்தான் வீட்டுக் கடனை விடுவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. பில்டர் தவணை கட்டும் திட்டங்களுக்குக் கடன் தர வேண்டாம் என்று வீட்டுக் கடன் நிறுவனங்களுக்கு தேசிய வீட்டுவசதி வங்கி 2019-இல் அறிவுறுத்தியது. இத்தனைக்குப் பிறகும் "ஒரே தடவையில்" என்று ஒருவர் சொன்னால், எந்த வங்கி, எந்தக் கிளை என்று எழுத்தில் கேளுங்கள்.

திரும்ப வாங்கும் ஒப்பந்தம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. அது உங்களுக்குப் பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். வீட்டில் குடியேறும் நோக்கமின்றி, உறுதியளித்த லாபத்துக்காகப் பணம் போட்டவர் ஊக முதலீட்டாளர். பில்டர் மீது திவால் நடவடிக்கை தொடங்க அவருக்கு உரிமையில்லை என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேறு வழிகளில் வழக்குப் போடலாம், ஆனால் கையில் இருந்த ஓர் ஆயுதத்தை நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். போகட்டும், 68 லட்சத்தை மூன்றே ஆண்டில் 90 லட்சமாக்கத் தெரிந்தவர் அந்த வீட்டைத் தானே வைத்துக்கொள்ள மாட்டாரா?

20 சதவீதம் என்பது 13.6 லட்சம். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல், அதாவது 6.8 லட்சத்துக்கு மேல் வாங்குவதை வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டத்தின் 13-ஆம் பிரிவு தடுக்கிறது. ரொக்கம் வேண்டவே வேண்டாம். சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டப்படி தடை உண்டு. அபராதம் வாங்குபவருக்குத்தான், ஆனால் ரசீது இல்லாத 3 லட்சம் கொடுத்ததை நீங்கள் எப்படி நிரூபிப்பீர்கள்?

இனி கணக்கு. 30 முதல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வரம்பு சொத்து மதிப்பில் 80 சதவீதம்; பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது. ஆக உங்கள் பங்கு 13.6 லட்சம். கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், 3.4 லட்சம். 17 லட்சம் போய்விட்டது. மிஞ்சும் ஒரு லட்சத்தில் பத்திரப்பதிவு நடக்காது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் அப்பா வீடு நினைவுக்கு வருகிறது.

அந்த வீடு உங்களுடையது அல்ல. அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, தங்கை, நீங்கள் மூவருக்கும் சம பங்கு. வங்கி வாரிசுச் சான்றிதழும் மூவரின் கையெழுத்தும் கேட்கும். தங்கை தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் சிக்கல் தீரும் என்பார்கள். ஒரு பில்டரின் வாய்மொழிக்காக அவளுடைய பங்கைக் கேட்காதீர்கள். மீட்டர் வட்டிப் பக்கமும் போகாதீர்கள்.

முதலீடு செய்தே தீர வேண்டுமென்றால், பணிநிறைவுச் சான்று பெற்ற, இதைவிடச் சிறிய வீட்டைப் பாருங்கள். பில்டரிடமே வாங்கினாலும் ஜிஎஸ்டி கிடையாது, வாடகை உடனே வரும். 30 ஆண்டு வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா மூன்றையும் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு வங்கிக்குப் போங்கள். சிறுசேரி வீடுதான் என்றால், தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் பதிவு எண்ணையும் ஒப்படைப்புத் தேதியையும் பாருங்கள். கட்டுமானம் எழும்ப எழும்பப் பணம் விடுவிக்கும் கடனை மட்டும் எடுங்கள். அந்தத் தேதி தவறினால் வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்க ரெரா சட்டத்தின் 18-ஆம் பிரிவு இருக்கிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியது: முன்பதிவுப் படிவத்தில் ரத்து நிபந்தனையைப் படியுங்கள். பிறகு, பதிவு செய்யவிருக்கும் ஒப்பந்தத்தின் வரைவைக் கேட்டு ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்பி, கொண்டு சேர்த்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாளில் வரைவு வராவிட்டால், அடுத்த தபாலில் 2 லட்சத்தைத் திருப்பிக் கேளுங்கள்.